மஞ்சள் தாளில் ஒரு விண்ணப்பம்

என் அண்ணனிடம் யாராவது, "தம்பி காலேஜுல என்னமோ ஆராய்ச்சி பண்றாராமே, என்னது?" என்று கேட்டால், கல்லாவை விட்டு எழாமலே, "வெள்ளக்காரன் பட்ட கடனைப் படிக்கிறான்" என்பார். கேட்டவர் விடமாட்டார். "சரி, அடைச்சுட்டானா?" என்பார். அண்ணன் என்னைப் பார்ப்பார். நான் கைகழுவும் இடத்தில் நின்றுகொண்டு, "அசலை அடைக்கவே இல்லை. வட்டி மட்டும் கட்டிக்கிட்டு இருந்தாங்க" என்பேன். "வட்டி மட்டும் கட்டுனவனா நம்மள ஆண்டான்?" என்று அண்ணன் கேட்க, சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் சிரிப்பார்கள். எனக்கு உள்ளுக்குள் எரியும். திண்டுக்கல்லில் பிரியாணிக் கடை வைத்திருக்கும் மனிதருக்கு என் ஆய்வின் நுட்பம் எங்கே புரியப்போகிறது என்று நினைத்துக்கொள்வேன். அப்படி நினைத்ததை இப்போது எழுதும்போது காது சுடுகிறது. இதற்கே இப்படி என்றால் மற்றதை எப்படி எழுதப்போகிறேனோ தெரியவில்லை.

நான் வரலாற்று ஆசிரியன். பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அரசாங்கக் கடனைப் பற்றி வெளிவந்த துண்டுப் பிரசுரங்கள்தான் என் ஆய்வுப்பொருள். இங்கிலாந்துக்கு நான் போனதில்லை. எல்லாம் கணினியில் வந்த படப் பிரதிகள். அந்தக் கால அச்சில் எஸ் என்ற எழுத்து எஃப் மாதிரி இருக்கும். முதல் வருடம் பாதிச் சொற்களைத் தப்பாகப் படித்துவிட்டு, இவர்கள் என்ன மொழியில் எழுதுகிறார்கள் என்று குழம்பினேன். பழகியபின் அதில் ஒரு மயக்கமே வந்துவிட்டது. அந்த அரசாங்கம் சண்டை போடக் கடன் வாங்குகிறது. கொடுத்தவருக்கு வருடா வருடம் வட்டி வரும். அசலைக் கேட்க முடியாது. வேண்டுமானால் பத்திரத்தை இன்னொருவருக்கு விற்றுக்கொள்ளலாம். இந்த ஏற்பாட்டில் நாடு முழுகிவிடும் என்று ஒருவர் பிரசுரம் போடுவார். முழுகாது, கடன்தான் நாட்டின் பலம் என்று இன்னொருவர் பதில் போடுவார். பெயர் போடமாட்டார்கள். 'ஒரு நலம்விரும்பி', 'கிராமத்தில் வசிக்கும் ஒரு கனவான்' என்று கையெழுத்து இருக்கும். காப்பிக் கடையில் ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் கேட்பார்கள். மறுநாள் பத்திரத்தின் விலை இறங்கும்.

இதில் நான் பெருமைப்பட்டுக்கொண்ட கண்டுபிடிப்பு ஒன்று உண்டு. அந்தப் பிரசுரங்களில் 'பப்ளிக் கிரெடிட்' என்று வருவதைத் தமிழில் எப்படிச் சொல்வது? பொதுக் கடன் என்றால் வாங்கிய பணம் என்று ஆகிவிடும். அவர்கள் சொல்வது பணத்தை அல்ல, கேட்டவுடன் கொடுக்க வைக்கிற பெயரை. ஒருநாள் பேருந்தில் வரும்போது பொறிதட்டியது: நாணயம். நம் சொல்லில் காசும் இருக்கிறது, யோக்கியதையும் இருக்கிறது. 'பொது நாணயம்' என்று எழுதினேன். கருத்தரங்கில் ஒருவர் எழுந்து பாராட்டினார். 'நாணயமான ஆளு' என்று ஊரில் தினமும் யாரைச் சொல்கிறார்கள், அவர் யார் வீட்டில் இருக்கிறார் என்று மட்டும் எனக்குத் தோன்றவில்லை.

அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்களைப் பெற்ற அத்தா தோல் வியாபாரம் செய்தவர். ஆட்டுத்தோலை வாங்கிப் பேகம்பூர்ப் பக்கம் தோல்ஷாப்புகளுக்குப் போடுவார். விலை விழுந்த ஒரு வருடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அண்ணனுக்கு அப்போதுதான் மீசை முளைத்திருந்தது. எங்களில் ஒரு வழக்கம் உண்டு. மையத்தை, அதாவது இறந்தவர் உடலை, வைத்துத் தொழுகை நடத்தும் முன், வாரிசு எழுந்து நின்று கூட்டத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அண்ணன் சொன்னார். "எங்க அத்தா யாருக்காச்சும் கடன் குடுக்க வேண்டியது இருந்தா எங்கிட்டக் கேளுங்க. நான் பொறுப்பு. வேற தப்பு எதுவும் செஞ்சிருந்தா அல்லாவுக்காக மன்னிச்சுருங்க." குரல் நடுங்கியது. பலர் இதைச் சம்பிரதாயமாகச் சொல்லிவிட்டு மறந்துவிடுவார்கள். அண்ணன் அடுத்த வாரத்திலிருந்து ஒவ்வொருவராகத் தேடிப்போய்க் கேட்டார். கறிக்கடையில் வேலைக்கு நின்றார், பிறகு தெருமுனையில் ஒரு அடுப்பு, பிறகு இந்த ஹோட்டல். அத்தாவின் கடனும் அடைந்தது, என் படிப்பும் நடந்தது.

அந்த அனுபவத்தாலோ மார்க்கத்தாலோ அண்ணன் வட்டிக்குப் பக்கத்தில் போகமாட்டார். பேங்க் வாசலை மிதிக்கமாட்டார். ஆனால் ஹோட்டல் என்றால் கையில் காசு வைத்துக்கொண்டு நடத்துவதில்லை. அய்யலூர் சந்தையில் ஆடு பிடிப்பார். துண்டுக்குள் கை போகும், விரலைத் தொட்டு விலை முடியும், ஆட்டை வண்டியில் ஏற்றிவிட்டு வந்துவிடுவார். பணம் அடுத்த சந்தைக்கு. அரிசி, எண்ணெய், வெங்காயம், விறகு, வாழை இலை எல்லாம் இதே கதைதான். எழுத்து இல்லை, சாட்சி இல்லை. "பாய் வாங்குனா பேங்க்ல கெடக்குற மாதிரி" என்பார்கள். அண்ணனுக்கு இருந்த ஒரே சொத்து அதுதான். கட்டடம்கூட வாடகை.

நான் ஆராய்வதும் வட்டி, வாழ்வதோ வட்டியே தொடாத வீட்டில். அம்மா ஒருமுறை கவலையோடு, "வட்டியப் பத்திப் படிச்சாலும் பாவந்தானாடா?" என்று கேட்டார். நான் சிரித்தேன்.

போன வருடம் எங்கள் கல்லூரி முதல்வர், ஆசிரியர்கள் தங்கள் ஆய்வை மக்களிடம் கொண்டுபோக வேண்டும் என்று ஒரு கூட்டத்தில் சொன்னார். எல்லோரும் தலையை ஆட்டிவிட்டு டீ குடிக்கப் போனார்கள். நான் மட்டும் பிடித்துக்கொண்டேன். துண்டுப் பிரசுரங்களைப் பற்றிய உரைக்கு ஒரு துண்டுப் பிரசுரமே அழைப்பாக இருந்தால்? பழைய தோரணையில், பழைய தலைப்போடு? ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, அண்ணன் ஹோட்டலின் மாடி ஹாலில் பேசுவது என்று முடிவு செய்தேன். ஹால் இலவசம். அண்ணன், "தாராளமாப் பேசு. மத்தியானக் கூட்டம் முடியட்டும்" என்று சொல்லிவிட்டார். என்ன பேசப்போகிறேன் என்று கேட்கவில்லை. படித்தவன் சரியாகத்தான் செய்வான் என்ற எண்ணம்.

அழைப்பை நானே எழுதினேன். ரசித்து ரசித்து எழுதினேன். மேலே பெரிய எழுத்தில்: 'கடன் கொடுத்தோர் அனைவரின் மேலான கவனத்திற்கு.' அதன் கீழே: 'நாணயம் கெட்டபின் மிஞ்சுவது என்ன? ஓர் எளிய விண்ணப்பம்.' அடுத்து நாள், நேரம், ஹோட்டலின் பெயர், முகவரி. 'தவறாது வருக.' இது பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தைப் பற்றிய வரலாற்று உரை என்பது கடைசி வரி. அச்சகக்காரர் ஹோட்டல் பெயரைத் தடித்த எழுத்தில் போட்டார், அவருக்குப் பழக்கம் அப்படி. இடம் போதாததால் கடைசி வரி எறும்பு ஊர்கிற அளவுக்குச் சுருங்கியது.

அப்புறம் தாள். வெள்ளைத் தாளில் போட்டால் கோச்சிங் சென்டர் நோட்டீஸ் மாதிரி இருக்கிறது. நான் திரையில் பார்த்துப் பார்த்துப் பழகிய பிரசுரங்கள் எல்லாம் காலத்தால் பழுத்துப்போய் மஞ்சளாக இருக்கும். அதனால் மஞ்சள் தாளில் போடச் சொன்னேன்.

வாசிக்கிற நீங்கள் இந்நேரம் தலையில் கை வைத்திருப்பீர்கள். கடனைக் கட்ட முடியாதவன் கோர்ட்டுக்குப் போய்க் கையை விரித்துவிட்டான் என்றால் நம் பக்கம் என்ன சொல்வோம்? மஞ்சக் கடுதாசி குடுத்துட்டான் என்போம். எனக்கும் அந்தச் சொல் தெரியும். சிறு வயதிலிருந்து கேட்டதுதான். 'அவன் மஞ்சக் கடுதாசி பார்ட்டி' என்று நானே சொல்லியிருக்கிறேன். ஆனால் அது எனக்கு வாயில் வருகிற சொல், அவ்வளவுதான். கையில் இருந்த தாள் வேறு, வாயில் இருந்த சொல் வேறு என்று இரண்டும் என் மண்டைக்குள் தனித்தனி அறையில் கிடந்தன. படிச்சவன் பாட்டைக் கெடுத்தான் என்பது சும்மா வந்த பழமொழி இல்லை.

அச்சகக்காரர் கேட்கத்தான் செய்தார். "சார், மஞ்சள்லயா?"

"ஆமா."

"அண்ணனுக்குத் தெரியுமா?"

செலவைப் பற்றிக் கேட்கிறார் என்று நினைத்தேன். "அவருக்கு எதுக்குத் தெரியணும்? நான்தானே காசு தாரேன்" என்றேன், கொஞ்சம் விறைப்பாகவே.

அவர் தாளை ஒருமுறை படித்தார். என் முகத்தைப் பார்த்தார். "எனக்கென்ன சார், நீங்க சொன்னாச் சரி" என்றார். ஹோட்டல் பில் புக் அடித்தால் மாதக் கடைசியில் வாங்கிக்கொள்கிற மனிதர், அன்று முழுப் பணத்தையும் முன்னாலேயே கேட்டு வாங்கிக்கொண்டார். பில் புக் பாக்கியும் இருக்கிறது என்று நினைவூட்டினார். எனக்கு அது உறைக்கவில்லை. என் ஆய்வேட்டில் ஒரு இயலே இருக்கிறது, பெயர் கெடும்போது முதலில் நகர்பவர் யார், அவர் எப்படி நகர்வார் என்று. அவர் என் எதிரே கல்லாப்பெட்டியை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் ரசீது வாங்கிக்கொண்டு வந்தேன்.

கட்டைக் கொண்டுபோய் ஹோட்டல் கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்தேன். தம்பியின் படிப்புச் சமாச்சாரம் என்று அண்ணன் அதைப் பிரித்துப் பார்க்கவில்லை. பார்சல் கட்டுகிறவரிடம், ஒவ்வொரு பார்சலிலும் ஒன்று போடச் சொன்னேன். சரக்கு இறக்க வருகிறவர்களுக்கும் கொடுக்கச் சொன்னேன். அவரும் கொடுத்தார். அவருக்குத் தமிழ் படிக்க வராது, ஒடிசாக்காரர். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதற்கு நான் ஆளும் போட்டிருந்தேன்.

அந்த வாரம் அண்ணன் இரண்டு முறை என்னிடம், "என்னமோ தெரியலப்பா, எல்லாப் பயலும் ஒரு மாதிரியாப் பாக்குறாய்ங்க" என்றார். செம்பட்டியிலிருந்து வாழை இலை போடுகிறவர் கட்டை இறக்கிவிட்டு நகராமல் நின்றாராம். "ஒடம்புக்கு ஒண்ணும் இல்லையே பாய்?" என்று கேட்டாராம். விறகுக்காரர் வண்டியை அனுப்பவில்லை. நான் அண்ணனிடம், "சீசன் அப்படி" என்றேன். எந்த சீசன் என்று எனக்கே தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பிறந்தநாள், பேர் வைப்பு என்று நடக்கிற ஹால் அது. சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டு வைத்திருந்தேன். உடன் வேலை பார்ப்பவர்கள் கொஞ்சப் பேர் வருவார்கள், முதல்வர் வந்தாலும் வரலாம் என்று கணக்கு. முதல்வர் வரவில்லை. உடன் வேலை பார்ப்பவர்களும் வரவில்லை. ஆனால் ஹால் நிறைந்தது. அரிசி மண்டி முதலாளி மகனோடு வந்தார். எண்ணெய்க்காரர் வந்தார். எரியோட்டிலிருந்து வெங்காயம் போடுகிறவர், விறகுக்காரர், இலைக்காரர், தோளில் துண்டோடு அய்யலூர் ஆட்டு வியாபாரிகள். நாற்காலி போதாமல் சுவரோரம் நின்றார்கள்.

அப்போது எனக்கு வந்த சந்தோஷத்தைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. கண் கலங்கிவிட்டது எனக்கு. பார், சந்தையில் ஆடு விற்கிற மனிதர் தேசியக் கடனைப் பற்றிக் கேட்க வந்திருக்கிறார், மக்களுக்கு ஆர்வம் இல்லை என்று சொன்னவன் எவன் என்று மனதுக்குள் குதித்தேன். டீயும் சமோசாவும் வைத்திருந்தேன். ஒருவரும் தொடவில்லை. மரியாதைக்குக் காத்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன். கையைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்தார்கள். பலர் கையில் அந்த மஞ்சள் தாள் மடித்து இருந்தது.

தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன். "கடன் கொடுத்தவர்களே! இப்படித்தான் அந்தக் காலத்தில் பேச்சைத் தொடங்குவார்கள்..." பின் பாதியை யாரும் கேட்கவில்லை என்று இப்போது புரிகிறது. முன் பாதியிலேயே முனகல் கிளம்பியிருந்தது. நான் விடாமல், "இந்த ஏற்பாட்டில் இருக்கிற அழகே என்ன தெரியுமா? அசலைத் திருப்பிக் கொடுக்கவே வேண்டியதில்லை!" என்றேன்.

அரிசி மண்டிக்காரர் எழுந்தார். "அசலே கெடையாதா தம்பி?"

"கிடையாது. ஆனா, கொடுத்தவர் தன் பத்திரத்தை வேற ஆளுக்கு வித்துக்கலாம்."

"எங்கிட்டப் பத்திரமே இல்லையே. எதை விக்கிறது, எவன் வாங்குவான்?"

"நம்பிக்கை இருக்கறவங்க வாங்குவாங்க" என்றேன். பின்னால் யாரோ ஒரு சிரிப்புச் சிரித்தார். நல்ல சிரிப்பு இல்லை அது. எனக்கோ உற்சாகம் ஏறியது. வகுப்பில் இத்தனை வருடத்தில் ஒரு மாணவன்கூட இப்படிக் குறுக்குக் கேள்வி கேட்டதில்லை.

எண்ணெய்க்காரர் கேட்டார், "அதெல்லாம் இருக்கட்டும். கடைசியா ரூவாய்க்கு எத்தன பைசா தேறும்? அதச் சொல்லுங்க."

"அருமையான கேள்வி!" என்று நான் கத்தினேன். ஆமாம், கத்தினேன். "இதைத்தான் அன்றைக்கும் கேட்டார்கள். சிலர் வட்டியைக் குறைத்துவிடலாம் என்றார்கள். சிலர் ஒரேயடியாகக் கையை விரித்துவிடுவதுதான் நாட்டுக்கு நல்லது என்றே எழுதினார்கள்."

முன்வரிசையில் இருந்த அய்யலூர் வியாபாரி ஒருவர் எழுந்தார். வயதானவர். அத்தா காலத்திலிருந்து பழக்கம். அண்ணன் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவார். அவர் கத்தவில்லை. "ஏப்பு, போன சந்தையில நான் ஏத்திவிட்ட கெடா அம்புட்டும் எம்பேத்தி கலியாணத்துக்கு வளத்தது. ஒங்க அண்ணன் கேட்டான்னு குடுத்தேன். அவன் எங்க? மாடிக்கு வர மூஞ்சி இல்லாம ஒன்னய அனுப்பிச்சானா?" என்றார். மஞ்சள் தாளை என் முன்னால் மேசையில் வைத்தார். அது ஈரமாக இருந்தது, வழியெல்லாம் கையில் இறுக்கிப் பிடித்து வந்திருக்கிறார்.

அந்த ஈரத் தாளைப் பார்த்தபோதுதான் என் மண்டைக்குள் இருந்த இரண்டு அறைக்கும் நடுச்சுவர் விழுந்தது. மஞ்சள் தாள். மஞ்சக் கடுதாசி. வாயைத் திறந்து, "இல்ல, இது பதினெட்டாம் நூற்றாண்டு..." என்றேன். "எந்த நூத்தாண்டா இருந்தா எனக்கென்ன?" என்றார் வெங்காயக்காரர். நான் கீழே இருந்த சின்ன எழுத்தைக் காட்டினேன். "இப்படிச் சின்னதாப் போட்டுத்தான் ஏமாத்துவாய்ங்க" என்றார் மண்டிக்காரரின் மகன். நான் விளக்க விளக்க அது வக்கீல் பேச்சு மாதிரியே ஆகிக்கொண்டிருந்தது.

சத்தம் கேட்டு அண்ணன் மேலே வந்தார். பிரியாணித் தேக்சாவை இறக்கிவிட்டு, கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே வந்தார். கூட்டத்தைப் பார்த்து முதலில் சிரித்தார். "என்ன மாமா, தம்பி பேச்சைக் கேக்க நீங்களுமா?" என்றார். பெரியவர் தாளை எடுத்து நீட்டினார். அண்ணன் எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். உதடு அசைய, மேலிருந்து கீழே படித்தார். கடைசி வரி அவர் கண்ணுக்குத் தெரிந்திருக்காது. தாளைத் திருப்பி வெறும் பக்கத்தையும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். விவரம் கேட்கிற மாதிரிப் பார்த்தார், இது எதற்காக என்று நான் சொல்லிவிடுவேன் என்பதுபோல.

"அண்ணே, நான் அந்தக் கால வழக்கப்படி..." என்று தொடங்கினேன்.

"நீ செத்த நேரம் சும்மா இருப்பா" என்றார்.

துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு மேசைக்கு முன்னால் போய் நின்றார். இரண்டு கையையும் முன்னால் சேர்த்துக்கொண்டார். மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் சுவரோரம் நின்றவருக்கும் கேட்டது. "நான் யாருக்காச்சும் கடன் குடுக்க வேண்டியது இருந்தா எங்கிட்டக் கேளுங்க. நான் பொறுப்பு. வேற தப்பு எதுவும் செஞ்சிருந்தா அல்லாவுக்காக மன்னிச்சுருங்க."

அன்று பள்ளிவாசல் முற்றத்தில் அத்தாவுக்காகச் சொன்ன அதே சொற்கள். பேர் மட்டும் மாறியிருந்தது. குரல் இந்த முறை நடுங்கவில்லை. அத்தாவின் மையத்துக்கு வந்திருந்த அந்தப் பெரியவருக்கு உடனே விளங்கிவிட்டது. "ஏலே, இது மையத்துக்கு முன்னால சொல்ற பேச்சுடா. உசுரோட நின்னுக்கிட்டுத் தனக்குத்தானே எவனாவது சொல்லுவானா?" என்று பதறினார்.

"இன்னைக்கு வேண்டியிருக்கு மாமா" என்றார் அண்ணன்.

நான் அங்கேயே நின்றேன். வெட்கம் என்றால் முகம் சிவப்பது, தலை குனிவது என்று அதுவரை நினைத்திருந்தேன். என் அண்ணனை உயிரோடு கிடத்தி, தொழுகைக்கு முந்திய அறிவிப்பைச் செய்ய வைத்தவன் நான். அதுவும் ஒரு தாள் பழசு மாதிரி அழகாகத் தெரிய வேண்டும் என்பதற்காக.

அது என் பேச்சுக்கு அடித்த அழைப்பு, வேறொன்றும் இல்லை என்று மெல்ல விளங்கியபின் பாதிப்பேர் சிரித்தார்கள். மண்டிக்காரர் என் தோளில் தட்டி, "நல்லாப் படிச்சீக தம்பி" என்றார். இன்றுவரை அதைவிடப் பெரிய அடி எனக்கு விழுந்ததில்லை. சிலர் கூச்சத்தோடு சமோசாவை எடுத்துக்கொண்டார்கள். "பணத்துக்கு அவசரமில்ல பாய், வழக்கம்போலப் பாத்துக்கலாம்" என்றார்கள். அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. "கேக்கச் சொல்லிட்டேன். குடுத்துர்றேன்" என்றார்.

அம்மாவை மக்காவுக்கு உம்ரா கூட்டிப்போக அண்ணன் சேர்த்து வைத்திருந்த பணம் அந்த வாரம் மண்டிக்கும் சந்தைக்கும் போய்ச் சேர்ந்தது. அம்மா பெட்டியைக்கூட வாங்கி வைத்திருந்தார். அதை மறுபடி பரண் மேல் ஏற்றும்போது என்னைத்தான் கூப்பிட்டார். "அல்லா நாடுனாப் போவோம். பிடிச்சு ஏத்துடா" என்றார். என் சம்பளத்தை எடுத்துக்கொண்டுபோய் அண்ணனிடம் நீட்டினேன். வாங்கவில்லை. "ஒங்கிட்ட வாங்குனா அது ஒங்கிட்டப் பட்ட கடனாயிரும்" என்றார். கோபத்தில் சொல்லவில்லை, கணக்குச் சொல்வதுபோலச் சொன்னார்.

அதன்பின் ஹோட்டலில் எதுவும் நின்றுபோகவில்லை. கூட்டம் வருகிறது. யாரும் அவரை நம்ப மறுக்கவில்லை. சொல்லப்போனால் முன்னைவிட மரியாதை. நான் படித்த பிரசுரங்களில் எல்லாம் பெயர் கெட்டால் கொடுப்பவர்கள்தான் கையை மூடிக்கொள்வார்கள். வாங்குபவர் கையை மூடிக்கொள்வார் என்று ஒருவரும் எழுதவில்லை, நானும் எழுதவில்லை.

போன மாதம் அண்ணனோடு அய்யலூர் சந்தைக்குப் போனேன். இப்போதெல்லாம் அவர் கூப்பிடாமலே போகிறேன், கயிற்றைப் பிடிக்கவாவது உதவலாம் என்று. அந்தப் பெரியவர் இரண்டு கிடாய்களோடு நின்றிருந்தார். துண்டுக்குள் கை போனது. விரல் பேசியது. விலை முடிந்ததும் பெரியவர் கையை விடாமல், "ஓட்டிக்கிட்டுப் போப்பு, அடுத்த சந்தையில பாத்துக்கலாம்" என்றார். அண்ணன் கையை உருவிக்கொண்டு இடுப்பிலிருந்து ரொக்கத்தை எடுத்தார். பெரியவர் முகம் சுருங்கிப்போயிற்று. "ஏப்பு, எங்க மேல இன்னும் வருத்தமா?" என்றார்.

"வருத்தமெல்லாம் ஒண்ணுமில்ல மாமா" என்றார் அண்ணன். பணத்தை அவர் கையில் வைத்து மூடினார். "அன்னைக்கு அத்தாவுக்காகச் சொன்னேன். அதுக்கப்புறம் அத்தா கடன் வாங்கலேல்ல? எனக்கும் சொல்லியாச்சு. அம்புட்டுத்தான்."

பெரியவர் பணத்தைப் பிடித்தபடி நின்றார். நான் இரண்டு கயிற்றையும் வாங்கிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல், ஆடுகளை வண்டிப் பக்கம் இழுத்துப் போனேன்.